கோணமலைக்கு ஒரு கோடு கீறியவர்

திருகோணமலை நகரிலே உவர்மலை என்றொரு பகுதி உண்டு. ஆங்கிலேயர் தம் நாவுக்கு இயைந்த வேறொரு பெயரை அதற்கு இட்டு வழங்கினராயினும், தமிழ்மக்கள் இட்ட பெயரே பொருத்தமானது என்பதை அங்குக் குடியிருப்போர் நன்கறிவர். யன்னற் கம்பியிலும் மிதிவண்டிச் சில்லிலும் பூட்டிலும் திறப்பிலும் உவர் படியாத இடமில்லை. மழை மறந்த கச்சான் மாதங்களில், புலரிப் பொழுதின் ஈரம் இறங்கும் வேளையில், எங்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கும் மின்கம்பத்தின் உச்சியிலிருந்து, கொதியெண்ணெயிற் கடுகு வெடிப்பது போன்ற ஒரு சிற்றொலி கேட்கும். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒலியாதலால் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் அக்கம்பத்தினின்று சென்ற கம்பி அறுந்து ஒழுங்கையில் விழுந்தது. அயல்வீட்டுப் பசு அதனை மிதித்து அவ்விடத்திலேயே மாண்டது. அப்பசுவுக்குச் சிறிது பின்னே, என்னிடம் இலக்கணம் பயில வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் மிதிவண்டியில் வந்தான். வாசல் கூட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் இட்ட கூக்குரலே அவனைத் தடுத்து நிறுத்தியது. கம்பி நைந்துவிட்டது, விரைவில் மாற்றவேண்டும் என்று அவ்வாண்டிலேயே மூன்றுமுறை உரியவர்களுக்கு எழுதியிருந்தோம். மூன்று விண்ணப்பங்களையும் எழுதிய கை என்னுடையதே. நடை செப்பமாக இருந்தது என்று அயலவர் பாராட்டினர். கம்பிதான் மாறவில்லை.

அன்று நண்பகலில் பழுது பார்க்க வந்த கம்பித் தொழிலாளருள் ஒருவர் முன்னொரு காலத்தில் என் மாணவர். வேலை முடிந்ததும் படலையில் நின்று, பண்டிதர் ஐயா என்று விளித்து, கம்பத்தினின்று கழற்றிய வெடித்த பீங்கான் கிண்ணம் ஒன்றை என் கையிற் கொடுத்தார். நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் இதற்குக் காவலி என்று பெயர் வைத்துள்ளன. மின்சாரம் கம்பியை விட்டுக் கம்பத்திற்கு இறங்காமற் காப்பது காவலி. கலைச்சொல் ஆக்கியோர் சில இடங்களில் இடறியிருப்பினும் இச்சொல்லை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் அவர்களை வாழ்த்தும். அந்தக் காவலி இன்றும் என் மேசைமேல் கடதாசிகள் பறவாமற் காத்துக்கொண்டிருக்கின்றது. அவர் போகும்போது ஒரு செய்தியும் சொல்லிச் சென்றார். எங்கள் ஊருக்கு மின்சாரம் கொண்டுவரவேண்டும் என்று 1918ஆம் ஆண்டிலேயே ஒரு சிங்களப் பொறியியலாளர் திட்டம் வகுத்திருந்தார் என்றும், அவர் பெயர் விமலசுரேந்திர என்றும், தாம் தொழில் பழகிய காலத்தில் கேள்வியுற்றதாகக் கூறினார். முப்பதாண்டு காலமாகப் பெரியோர் சரிதங்களை மாணவர்க்குப் புகட்டிவரும் எனக்கு, அச்சரிதம் தெரியாது. அந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17ஆம் நாள் காலி நகரிற் பிறந்தவர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கற்றுப் பொதுவேலைத் திணைக்களத்திற் பணி புகுந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்பொறியியலிலும் தேர்ச்சி பெற்றார். அவர் பிறந்த காலத்தில் இத்தீவில் எந்த வீட்டிலும் மின்விளக்கு இல்லை. 1895ஆம் ஆண்டில், கொழும்புக் கோட்டையிலே பிறிஸ்டல் மாளிகையின் பில்லியட் கூடத்தில், பூஸ்ரட் என்னும் வணிக நிறுவனத்தார் முதன்முதலாக மின்விளக்கு ஏற்றினர். பந்து உருட்டுவோர் கண்களுக்கே முதல் ஒளி கிடைத்தது. அப்போது விமலசுரேந்திரருக்கு வயது இருபத்தொன்று.

பொதுவேலைத் திணைக்களத்திற் பணிபுரிந்த இளமைக் காலத்தில், பொன் கிடைக்குமா என்று ஆராயும் பொருட்டு அவர் மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டார் என்பர். கெகெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு ஆறுகளும் தேயிலை மலைகளினூடே இறங்கிப் பின் ஒன்றாகிக் களனிகங்கை ஆகின்றன. அவ்வாற்றங்கரைகளிலே அலைந்த இளைஞரின் கண்ணுக்கு மணலிற் பொன் தென்படவில்லை. அபர்டீன், லக்ஷபான என்னும் நீர்வீழ்ச்சிகளே தென்பட்டன. அருவியைக் கண்டால் புலவன் பாடுவான். முனிவன் நீராடுவான். இவரோ அருவியின் உயரத்தையும், ஒரு நொடியில் வீழும் நீரின் அளவையும் கணக்கிட்டார். நீரின் அளவையும் அது வீழும் உயரத்தையும் பெருக்கினால் அதனிடமிருந்து பெறக்கூடிய வலு எவ்வளவு என்பது தெரியும். இக்கணக்கை எனக்கு விளக்கியவர் எங்கள் பாடசாலைப் பௌதிக ஆசிரியர். ஒரு பண்டிதனுக்கு இதை விளங்கவைக்க அவர் தேநீர்க் கோப்பை இரண்டையும் ஒரு வாளி நீரையும் பயன்படுத்த வேண்டியதாயிற்று.

அக்கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதைக் காட்ட அவருக்கு 1912ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னும் இடத்திற் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து, நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுத்தார். குளிர் காயச் சென்ற துரைமாரின் மாளிகைகள் அம்மின்சாரத்தால் ஒளிர்ந்தன. ஆயினும் அவர் உள்ளம் நுவரெலியாவோடு நிற்கவில்லை.

1918ஆம் ஆண்டில், இலங்கையில் வலுவைப் பயன்படுத்துவதன் பொருளியல் பற்றி ஓர் ஆய்வுரையை இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் வைத்தார். முதலாம் உலகப் போர் முடிவுற்ற ஆண்டு அது. இந்நாட்டுப் புகைவண்டியும் ஆலையும் கடல் கடந்து வரும் நிலக்கரியையே நம்பியிருந்தன. அவ்வேளையில், மேற்சொன்ன இரண்டு ஆறுகளிலிருந்து மாத்திரம் 114,500 கிலோவாற்று வலுவைப் பெறலாம் என்று அவர் கணக்குக் காட்டினார். என்னை வியப்பில் ஆழ்த்தியது அந்த எண்ணன்று. அவ்வலுவை எங்கெங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் கீறிய கோடுகளே. நோட்டன் பிரிட்ஜிலே தொடங்கி ஒரு கோடு அவிசாவளை, பாணந்துறை வழியே கொழும்புக்குச் சென்றது. மற்றொன்று காலி, அம்பாந்தோட்டை, எம்பிலிப்பிட்டி வழியே பலாங்கொடைக்குச் சென்றது. பிறிதொன்று தம்புள்ளை, அனுராதபுரம் கடந்து யாழ்ப்பாணத்தை அடைந்தது. இன்னொன்று பொலன்னறுவை வழியே எங்கள் திருகோணமலைக்கு வந்தது.

அன்றைய திருகோணமலையை எண்ணிப் பாருங்கள். புகைவண்டிப் பாதை இவ்வூரை அடைந்ததே 1927ஆம் ஆண்டிற்றான். இயற்கை அளித்த துறைமுகம் இருந்தது, கோட்டை இருந்தது, கோணேசப் பெருமானின் மலை இருந்தது. மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கும் ஆலையோ அங்காடியோ பெரிதாக இல்லை. காட்டு வழியே மாட்டுவண்டி கட்டிப் பல நாட்பயணம் செய்து வந்துசேரும் ஊருக்கு, காலியிற் பிறந்த ஒருவர் கொழும்பிலே நின்று கோடு கீறுகின்றார். தம் ஊருக்கும் பிறர் ஊருக்கும் அவர் கையிலிருந்த எழுதுகோல் ஒன்றே. பின்னாளில் இந்நாட்டு மக்கள் ஊரையும் மொழியையும் சொல்லி ஒருவரையொருவர் அழித்த கொடுமையையும், போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் நாட்டு மின்வலையினின்று அறுபட்டு நெடுங்காலம் கிடந்ததையும் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆதலால் அந்தப் பழைய வரைபடத்தைப் பற்றி அறிந்தபோது சிறிது நேரம் வேறொன்றும் எண்ண முடியாதிருந்தேன்.

மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுசெல்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பியில் ஓடும் ஓட்டம் இருமடங்கானால் வழியிற் சூடாகி வீணாகும் வலு நான்கு மடங்காகும். ஆகவே ஓட்டத்தைக் குறைத்து அழுத்தத்தை உயர்த்தி அனுப்பவேண்டும். ஊர் வந்தபின் நிலைமாற்றியால் அழுத்தத்தைத் தணித்து வீட்டுக்குள் விடவேண்டும். இதனால் நீர்வீழ்ச்சியைப் பிடிப்பது பாதி வேலையென்றால், கோபுரமும் கம்பியும் காவலியும் நிலைமாற்றியும் மறுபாதி. விமலசுரேந்திரர் இரண்டு பாதியையும் சேர்த்தே எண்ணினார் என்பதற்கு அக்கோடுகள் சான்று.

திட்டத்தை வகுத்தவருக்குக் கிடைத்தது மாலையன்று, மறுப்பு. இச்சிறு தீவுக்கு இத்துணை மின்சாரம் எதற்கு, யார் வாங்குவார், முதலிட்ட பணம் எப்போது மீளும் என்று அரசாங்கத்தார் தயங்கினர். அவ்வாறு தயங்கியவர்களை முழு மூடர் என்று எழுதிவிடுவது இன்று எளிது. அக்காலத்து மின்தேவை சிறிது என்பது உண்மையே. ஆயினும் தேவை வந்தபின் ஆற்றைத் தேடுபவனும், ஆற்றைக் கட்டினால் தேவை தானே வரும் என்று காண்பவனும் ஒருவரல்லர். 1924ஆம் ஆண்டில் லக்ஷபான வேலை தொடங்கியது. மூன்றாண்டு கழிந்து பணத்தட்டுப்பாட்டினால் நின்றது. அரசாங்கம் மின்சாரத்துக்கெனத் தனித் திணைக்களம் அமைத்தது. விமலசுரேந்திரர் அதில் உயர்பதவி வகித்தும் தம் ஆற்றுக்குத் திரும்ப வழி பிறக்கவில்லை. கொழும்புக்கு வேண்டிய மின்சாரம் கொலன்னாவையில் எண்ணெயை எரித்துப் பெறப்பட்டது.

அரசாங்க சேவையினின்று ஓய்வுபெற்றவர் சாய்வு நாற்காலியை நாடவில்லை. சர்வசன வாக்குரிமை வந்த 1931ஆம் ஆண்டில், இரத்தினபுரித் தொகுதியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குள் நுழைந்தார். அதிகாரியாக இருந்தபோது கோப்புகளில் எழுதியதை, பிரதிநிதியாக அமர்ந்து வாயினாற் சொல்லத் தொடங்கினார். ஒரே பொருளை இருபது ஆண்டு காலம் விடாது வற்புறுத்துபவனை உலகம் முதலில் அறிஞன் என்னும், பின்பு பிடிவாதக்காரன் என்னும், ஈற்றில் அவன் வரும் வழியைக் கண்டு விலகிச் செல்லும். அவருக்கும் அவ்வாறே நிகழ்ந்திருக்கும் என்று கருதுகின்றேன்.

1938இல் வேலை மீண்டும் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. பொறிகள் வரவேண்டிய கடலிலே போர்க்கப்பல்கள் நின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஒருவழியாக 1950ஆம் ஆண்டில் லக்ஷபானவிலே மூன்று பொறிகள் சுழன்று 25,000 கிலோவாற்று வலுவைத் தந்தன. 66,000 வோல்ற்று அழுத்தத்திற் கொழும்பு நோக்கிக் கம்பிகள் ஓடின. 1918இல் நாற்பத்து நான்கு வயதினராக ஆய்வுரை வாசித்தவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. தம் மின்சாரத்தை மூன்றாண்டுகூட முழுதாகக் காணாமல், 1953 ஆகஸ்ட் 10ஆம் நாள் அவர் கண்மூடினார். நோட்டன் பிரிட்ஜிலே 1965ஆம் ஆண்டில் எழுந்த 50,000 கிலோவாற்று நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

திருகோணமலைக்குக் கீறிய கோடு என்னவாயிற்று என்று வாசகர் கேட்பர். வந்தது, நெடுநாட் சென்று வந்தது. பொலன்னறுவை வழியாகவன்று, அனுராதபுரத்திலிருந்து 132,000 வோல்ற்று அழுத்தத்திற் காடு கடந்து வந்தது. பெரியோர் கீறிய கோடு வழி மாறினாலும் ஊர் மாறாமல் வந்துசேர்ந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம்.

எல்லாச் சரிதங்களும் இவ்விடத்தில் முடிந்துவிடுகின்றன. அணை திறந்தாயிற்று, விளக்கு எரிந்தாயிற்று, பெயர் சூட்டியாயிற்று. அதற்குப்பின் அந்தக் கம்பிக்கு என்ன நேர்கின்றது என்பதைச் சரிதம் எழுதுவோர் கேட்பதில்லை. என் பழைய மாணவரிடம் நான் கேட்டறிந்தவை இவை. உப்புக் காற்று காவலியின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றது. உலர்ந்த உப்பினால் தீங்கில்லை. விடியலின் ஈரம் அதை நனைத்தவுடன் அப்படலமே மின்சாரம் இறங்கும் வழியாகிவிடுகின்றது. நான் கேட்ட கடுகு வெடிக்கும் ஒலி அதுவே. மாரி மழை வந்தால் வானமே கழுவிவிடும், வராவிட்டால் மனிதர் கழுவவேண்டும். அலுமினியக் கம்பியின் நடுவே வலிமைக்காக உருக்குக் கம்பி வைத்திருப்பர். உருக்கு உள்ளே துருப்பிடிக்கும், வெளியே அலுமினியம் பளபளப்பாகவே இருக்கும். நிலைமாற்றியின் உள்ளே சுருள்களைச் சுற்றிக் கடதாசி உறை உண்டு. எண்ணெயை வடிக்கலாம், மாற்றலாம். கடதாசி முதுமையடைந்து நொறுங்கத் தொடங்கினால் நிலைமாற்றியின் ஆயுளும் அதனோடு முடிந்தது. பழைய ஏட்டுச்சுவடிகளோடு வாழ்பவனுக்கு இக்கடைசிச் செய்தி நன்றாக விளங்கிற்று. எண்ணெய் பூசிக் காக்காத ஏடும் இவ்வாறே நொறுங்கும்.

இவற்றுள் எது முதலிற் பழுதாகும் என்று கண்டு, அது பழுதாகுமுன் மாற்றுவதே அறிவுடைய பராமரிப்பு. ஆனால் விழாத கம்பிக்குச் செலவிடும் பணத்தை எவரும் பாராட்டார். புதிய நிலையத்துக்கு நாடா வெட்டலாம், கழுவிய காவலிக்கு எவர் நாடா வெட்டுவார்? 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதனால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது என்ற செய்தியைக் கேட்டு ஊரெல்லாம் நகைத்தது. நானும் நகைத்தேன். பின்புதான் பாணந்துறையும் 1918ஆம் ஆண்டுக் கோட்டில் இருந்த ஊர் என்பது நினைவுக்கு வந்தது. ஒரு முனையில் ஏற்பட்ட அதிர்ச்சியைத் தாங்கும் உரம் வலை முழுவதிலும் இருந்திருந்தால் அக்குரங்கு பத்திரிகையில் இடம்பெற்றிராது.

எங்கள் மாவட்டத்தின் பழமரபு இவ்விடயத்தில் என் நினைவுக்கு வருகின்றது. குளமும் கோட்டமும் அமைத்தமையாற் குளக்கோட்டன் என்று பெயர் பெற்றான் என்பர் ஒரு மன்னனை. கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்தவனும் கந்தளாய்க் குளத்தைக் கட்டியவனும் அவனே என்பது ஐதிகம். கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டை மாணவர்க்குப் பாடஞ்சொல்லும்போது அவர்கள் கொட்டாவி விடும் பகுதி ஒன்று உண்டு. தானத்தார் இன்னது செய்க, வரிப்பத்தார் இன்னது செய்க என்று தொழும்புகளை வகுக்கும் பகுதி அது. நானும் முன்பு அதை விரைவாகவே கடந்துவிடுவேன். இப்போது மெதுவாக நடத்துகின்றேன். கட்டியதைச் சொன்னதோடு நில்லாமல், கட்டியதைத் தலைமுறை தலைமுறையாகப் பேணுவோர் எவர் என்பதையும் சொன்னமையால் அந்நூல் பெருமையுடையது.

கந்தளாய்க் குளத்தின் கதையோ 1986 ஏப்ரல் 20ஆம் நாள் வேறாயிற்று. அன்று அதிகாலை அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது நான் பாடசாலை மாணவன். நூற்றாண்டு நூற்றாண்டாக நின்ற அணை இனியும் நிற்கும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். முதிய பொருள்களைப் பற்றி நமக்குள்ள பெருந்தவறான எண்ணம் இதுவே என்று அந்நாளிலிருந்து எனக்குத் தோன்றுவதுண்டு.

விமலசுரேந்திரர் தம் கோடுகள் முதுமையடையும் என்பதை எண்ணினாரா? எண்ணாதிருக்க இயலாது என்பது என் கருத்து. அவருடைய ஆய்வுரையின் பெயரிலேயே பொருளியல் என்னும் சொல் நிற்கின்றது. பொருளியல் அறிந்தவன் தேய்மானத்தையும் கணக்கில் எடுப்பான். லக்ஷபானவின் முதற்பொறிகள் அறுபது ஆண்டுக்கு மேல் உழைத்தபின் புதுப்பிக்கப்பட்டுச் சற்றுக் கூடுதலான வலுவைத் தருகின்றன என்று அறிகின்றேன். அதே ஆறு, அதே வீழ்ச்சி. பேணினால் முதுமையும் பயன்தரும் என்பதற்கு அவருடைய ஆறே சாட்சி நிற்கின்றது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதாக இருந்த திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. அவ்விடத்திற் சூரியவலு நிலையம் அமைக்கும் பணி 2025 ஏப்ரலிற் சம்பிரதாயமாகத் தொடக்கிவைக்கப்பட்டது. அது நிறைவேறினால், மலையிலிருந்து கடலுக்கு என்று அவர் கீறிய கோட்டில் மின்சாரம் பகல்வேளையிற் கடலிலிருந்து மலைக்கு ஏறிச் செல்லும். ஒரு திசைப் போக்குக்கென நிறுத்திய பழைய கம்பிகளும் உபநிலையங்களும் இந்த எதிரோட்டத்தைத் தாங்குமா, எவற்றை மாற்றவேண்டும் என்பதைப் பொறியியலாளர்கள் இப்போதே கணக்கிட வேண்டியிருக்கும்.

சென்ற வாரம் என் பழைய மாணவர் மறுபடியும் வந்தார். எங்கள் ஒழுங்கையில் மிஞ்சியிருக்கும் பழைய காவலிகள் யாவற்றையும், ஒன்றும் உடையாதிருக்கும்போதே, கழற்றிப் புதியன பூட்டப்போவதாகச் சொன்னார். வருகின்ற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிமுதல் மாலை ஐந்து மணிவரை மின்சாரம் இராது. அன்றைய நன்னூல் வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றியிருக்கின்றேன். அன்று மிதிவண்டியில் வந்த மாணவன் இப்போது கட்டையாகிவிட்ட தன் வெண்கட்டிகளை ஒரு பெட்டியிற் கொண்டுவருவான். கரும்பலகையைச் சாய்த்துவைக்க ஒரு கதிரை போதும்.